அம்மா "சும்மா" இருக்காங்களா? வீட்டு வேலைக்கு மதிப்பு போடுறதுன்னா என்னன்னு ஒரு எளிய விளக்கம்

மே மாசம் அன்னையர் தினம் வந்தா போதும், எங்க ஃபேமிலி குரூப்ல அந்த ஃபார்வேர்ட் தவறாம வந்துடும். சமையல்காரருக்கு இவ்ளோ, நர்ஸுக்கு இவ்ளோ, டீச்சருக்கு இவ்ளோ, டிரைவருக்கு இவ்ளோன்னு எல்லாத்தையும் கூட்டி "அம்மாவோட சம்பளம் மாசம் ஒன்றரை லட்சம்"னு போட்டு கீழ ஒரு ரோஜாப்பூ. உடனே பெரியப்பா "தாயன்புக்கு விலை உண்டா"ன்னு கேப்பார், சித்தப்பா "அப்ப அப்பனுக்கு யாரு சம்பளம் தர்றது"ன்னு ஆரம்பிப்பார், ரெண்டு நாள் ஓடும், மூணாவது நாள் யாரோ கல்யாண பத்திரிகை போட்டதும் அடங்கிடும்.

நான் ஈரோட்டுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பாக்குறவ. எனக்கு மூணு வயசுல ஒரு பையன். காலைல ஒன்பதரைக்கு நான் சிஸ்டம் முன்னாடி நிம்மதியா உக்காந்திருக்கேன்னா வீட்டுல அத்தை, அதாவது எங்க வீட்டுக்காரரோட அம்மா, இருக்காங்கங்கறதாலதான். அவங்ககிட்ட யாராச்சும் "என்ன பண்றீங்க"ன்னு கேட்டா "நான் என்னங்க பண்றேன், சும்மாதான் இருக்கேன்"ம்பாங்க. அதைச் சொல்லும்போதே கை கீரை ஆய்ஞ்சுகிட்டு இருக்கும், ஒரு காலை நீட்டி பையன் வாசப்படி தாண்டாம மறிச்சுகிட்டு இருப்பாங்க.

அந்த ஃபார்வேர்டு கணக்கு தப்பு, பெரியப்பா சொல்றதும் கேள்விக்குப் பதிலே இல்ல. ஏன்னு மெதுவா பாக்கலாம்.

மதிப்பு வேற, சம்பளம் வேற

எங்க வீட்டுல போர் தண்ணி நல்ல தண்ணி, அதையேதான் குடிக்கிறோம். எதிர்வீட்டுல கேன் போடுறாங்க. ரெண்டு வீட்டுலயும் தாகம் தீருது. ஆனா எதிர்வீட்டுல மட்டும்தான் காசு கை மாறுது. அதனால எங்க வீட்டுத் தண்ணிக்கு மதிப்பே இல்லன்னு யாராச்சும் சொல்வாங்களா? மோட்டார் ரிப்பேர் ஆகி ரெண்டு நாள் கேன் வாங்கும்போது அந்த மதிப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சுடும்.

வீட்டு வேலையும் இதேதான். சம்பளம்ங்கறது யாரு யாருக்கு எவ்வளவு குடுத்தாங்கங்கற கணக்கு. மதிப்புங்கறது அந்த வேலையால வீட்டுக்கு என்ன கிடைக்குது, அது நின்னா வேற வழில அதை வாங்க என்ன செலவாகும்ங்கற கணக்கு. முதலாவது ஜீரோவா இருந்தா ரெண்டாவதும் ஜீரோவா இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. இன்னொரு பக்கம், மதிப்பு இருக்குன்னு ஒத்துக்கிட்டா உடனே ஒருத்தர் சம்பளம் குடுத்தே ஆகணும்னும் இல்ல, அது தனியா பேச வேண்டிய விஷயம். சித்தப்பா தொடங்கற சண்டை மொத்தமும் இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பறதுல வர்றதுதான்.

எது வேலை, எது வேலை இல்ல

"அப்ப நான் பல்லு விளக்குறதும் வேலையா, சாப்பிடுறதும் வேலையா"ன்னு ஒரு கேள்வி வரும், கிண்டலா கேட்டாலும் நியாயமான கேள்விதான். இதுக்கு 1934லயே மார்கரெட் ரீட்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு சோதனை சொல்லிட்டாங்க. அதுக்குப் பேரு மூணாவது ஆள் சோதனை. நீங்க செய்யுறதை காசு குடுத்து வேற ஒரு ஆளைச் செய்யச் சொல்ல முடியுமா? முடியும்னா அது வேலை. முடியாதுன்னா அது உங்க சொந்த விஷயம்.

எனக்குப் பதிலா வேற ஆளு சாப்பிட்டா என் வயிறு நிறையாது, எனக்குப் பதிலா வேற ஆளு தூங்கினா எனக்குத் தூக்கம் தெளியாது. ஆனா சமைக்க ஆள் வைக்கலாம், துணி துவைக்க ஆள் வைக்கலாம், புள்ளைய ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர ஆள் வைக்கலாம், படுக்கைல இருக்கிற தாத்தாவுக்கு டயப்பர் மாத்தவும் ஆள் வைக்கலாம். பெரியப்பா கேட்ட தாயன்பு இருக்கே, அது இந்தச் சோதனைல தேறாது, அதுக்கு யாரும் விலை போடவும் இல்ல. விலை போடுறது இட்லிக்கு, அன்புக்கு இல்ல. ரெண்டும் ஒரே தட்டுல வர்றதால அவருக்குக் குழம்பிடுது, அவ்வளவுதான்.

இப்படிச் சோதனைல தேறுற, ஆனா காசு வராத, வீட்டு ஆளுங்களுக்காகச் செய்யுற சமையல், சுத்தம், குழந்தை பெரியவங்களைப் பாத்துக்கறது எல்லாத்தையும் சேர்த்து ஊதியமில்லா பராமரிப்பு வேலைன்னு சொல்வாங்க.

ஜிடிபில ஏன் வர்றதில்ல

ஜிடிபின்னா ஒரு வருஷத்துல ஒரு நாட்டுக்குள்ள உற்பத்தியான பொருள், சேவை எல்லாத்தோட மொத்த மதிப்பு. இதுல எதைச் சேர்க்கணும் எதை விடணும்னு உலக நாடுகள் எல்லாம் ஒரு கோடு போட்டு வெச்சிருக்காங்க, அந்தக் கோட்டுக்குத்தான் உற்பத்தி எல்லைன்னு பேரு. அம்மா செய்யுற வேலை கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுது.

மெஸ்ஸுல நாலு இட்லி சாப்பிட்டா அது ஜிடிபி. அதே நாலு இட்லி வீட்டுல அத்தை ஊத்தினா அரிசி, உளுந்து, கேஸ் வாங்கின வரைக்கும்தான் கணக்குல வரும், ஊற வெச்சு, ஆட்டி, கரைச்சு, காலைல எழுந்து ஊத்தின உழைப்பு வராது. ஆர்தர் பிகுன்னு ஒரு இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே இதுல இருக்கிற வேடிக்கையைச் சொன்னார். ஒருத்தர் தன் வீட்டுல சம்பளத்துக்கு வேலை பாக்குற பொண்ணையே கல்யாணம் பண்ணிக்கிட்டா நாட்டோட வருமானம் குறைஞ்சுடுமாம். அதே அடுப்படி, அதே சாம்பார், சம்பளம் மட்டும் நின்னு போச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குக் கணக்கு ஆளா ரொம்ப உறுத்துற விஷயம் இன்னொண்ணு. நீங்க சொந்த வீட்டுல குடியிருந்தா, அந்த வீட்டுக்கு வாடகை எவ்வளவு வருமோ அதை நீங்களே உங்களுக்குக் குடுத்துக்கிட்ட மாதிரி ஒரு தொகையைக் கற்பனையா போட்டு ஜிடிபில சேர்க்குறாங்க. ஆமா, நிஜமாவே. காசு கை மாறல, பில்லு இல்ல, இருந்தாலும் சேர்க்குறாங்க. அதே மாதிரி ஒருத்தர் எருமை வளர்த்து பாலை விக்காம வீட்டுக்கே வெச்சுக்கிட்டாலும் அந்தப் பால் உற்பத்திக் கணக்குல வரும், ஆனா அந்தப் பாலைக் காய்ச்சி ஆத்தி குழந்தைக்குப் புகட்டுறது வராது. அதாவது வீட்டுக்காக உற்பத்தி பண்ற பொருள் உள்ள, வீட்டுக்காகச் செய்யுற சேவை வெளிய. வீடு கணக்குல இருக்கு, அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்குற கை கணக்குல இல்ல. அதனால "காசு கை மாறாததை எப்படிங்க அளக்குறது"ன்னு இனி யாரும் சொன்னா வாடகைக் கதையை எடுத்து விடுங்க.

கோடு போட்டவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. ஜிடிபிய முக்கியமா வரி, வட்டி, வேலைவாய்ப்பு மாதிரி முடிவு எடுக்கத்தான் பாக்குறாங்க, வீட்டு வேலையையும் சேர்த்தா கிட்டத்தட்ட எல்லாருமே "வேலையில இருக்கிறவங்க"ன்னு ஆகிடும், அப்புறம் வேலையில்லாத் திண்டாட்டம்ங்கற கணக்குக்கே அர்த்தம் இருக்காது. சரி, ஒத்துக்கறேன். ஆனா ஒரு காரணத்துக்காக ஒதுக்கி வெச்ச ஒண்ணு நாளாக நாளாக "அது ஒண்ணுமே இல்ல"ன்னு ஆயிடுச்சு. நம்ம நாட்டு வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புல வீட்டு வேலை மட்டும் பாக்குறவங்களுக்கு 92ன்னு ஒரு குறியீட்டு நம்பர், அந்த நம்பர் விழுந்தா நீங்க உழைப்பாளர் கூட்டத்துலயே கிடையாது.

இதுவரைக்கும் சொன்னதைச் சுருக்கினா: சம்பளம் வரலைன்னா மதிப்பு இல்லன்னு அர்த்தம் இல்ல, வேற ஆளை வெச்சுச் செய்ய முடியுறது எல்லாமே வேலை, அந்த வேலை ஜிடிபில வராததுக்குக் காரணம் மனுஷங்க போட்ட ஒரு கோடு.

முதல்ல நேரத்தை அளக்கணும்

ரூபாய்க்கு முன்னாடி மணி. இதுக்குத்தான் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புன்னு ஒண்ணு எடுக்குறாங்க, ஒரு ஆளோட ஒரு நாளை 24 மணி நேரமும் எதுல போச்சுன்னு கேட்டு எழுதுறது. இந்தியாவுல முதல்ல 1998-99ல 6 மாநிலத்துல சோதனையா எடுத்தாங்க, அதுல தமிழ்நாடும் ஒண்ணு. நாடு முழுக்க 2019லயும் 2024லயும் எடுத்தாங்க. விடிகாலை 4 மணில இருந்து மறுநாள் விடிகாலை 4 மணி வரைக்கும், அரை மணி அரை மணியா.

2024 கணக்குப்படி வீட்டு வேலை செய்யுற பொம்பளைங்க அதுக்கு ஒரு நாளைக்குச் செலவு பண்றது சராசரியா 289 நிமிஷம், செய்யுற ஆம்பளைங்க 88 நிமிஷம். "செய்யுற"ங்கற வார்த்தையைக் கவனிங்க, ஆம்பளைங்கள்ல நாலுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் அந்தக் கணக்குக்குள்ளயே வர்றாங்க, பொம்பளைங்கள்ல அஞ்சுல நாலு பேரு. 15ல இருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்களை மட்டும் எடுத்தா 305 நிமிஷம். அது போக குழந்தை, பெரியவங்களைப் பாத்துக்கற நேரம் தனி, அந்தப் பொறுப்பு இருக்கிற அதே வயசுப் பொம்பளைங்களுக்கு 140 நிமிஷம்.

இதைப் படிச்சிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை நானும் ஒரு நோட்டு எடுத்து அத்தை கூடவே உக்காந்தேன். ரெண்டாவது பக்கத்துலயே மாட்டிக்கிட்டேன். 7 மணில இருந்து 7.30 வரைக்கும் என்ன எழுதுறது? அடுப்புல குக்கர், அடுத்த பர்னர்ல பால், ஒரு பக்கம் வாஷிங் மிஷின்ல தண்ணி வருதான்னு பாத்துட்டு வர்றாங்க, பையனுக்கு ஊட்டுறாங்க, நடுவுல கேஸ்காரர் ஃபோன். ஒரே அரை மணி, அஞ்சு வேலை. கணக்கெடுப்புல ஒரே நேரத்துல ரெண்டு மூணு வேலை நடந்தா நேரத்தைப் பங்கு பிரிச்சுடுவாங்க, அரை மணி எப்படிப் பிரிச்சாலும் அரை மணிதான். அப்புறம் ராத்திரி 2ல இருந்து 2.30 "தூக்கம்"னு நான் எழுதினதைப் பாத்துட்டு அத்தை கேட்டாங்க, "அன்னிக்கு அவனுக்கு சளி இல்ல? நான் எங்கடி தூங்கினேன், கட்டில்ல சாஞ்சுகிட்டு மூச்சு எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு இருந்தேன்." படுத்திருக்கிறதுதான், ஆனா டியூட்டி. ஆஸ்பத்திரில நைட் ஷிஃப்ட் நர்ஸுக்கு இதுக்குச் சம்பளம் உண்டு. இந்த "காதைத் தீட்டிக்கிட்டு இருக்கிற" நேரம் எந்தக் கணக்கெடுப்புலயும் முழுசா மாட்டாது, அதனால வெளிய வர்ற நம்பர் எல்லாமே கொஞ்சம் குறைச்சலானதுதான்னு என் எண்ணம்.

அப்புறம் ரூபாய் போடணும்

ரெண்டு வழி இருக்கு. முதல் வழி மாற்றாள் செலவு: அம்மா செய்யுறதை வேற ஆளை வெச்சுச் செஞ்சா எவ்வளவு ஆகும்? ஒரு உதாரணத்துக்குப் போட்டுப் பாக்கலாம். மேல சொன்ன 305ஐயும் 140ஐயும் கூட்டினா 445 நிமிஷம், ஏழே கால் மணி நேரத்துக்கு மேல. மாசம் 30 நாள், லீவு கிடையாது, அப்ப கிட்டத்தட்ட 222 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய்னு வெச்சா (இது நானா வெச்ச ரேட்டுதான், உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்கோங்க) மாசம் 13,300 ரூபாய் சொச்சம் வருது.

ஃபார்வேர்டுல ஒன்றரை லட்சம் வந்தது எப்படின்னு இப்பப் புரியுதா? சமையல்காரர், நர்ஸ், டீச்சர், டிரைவர்னு ஒவ்வொருத்தரோட முழு மாசச் சம்பளத்தையும் கூட்டிட்டாங்க. அம்மா ஒரு நாளைக்கு 20 நிமிஷம் வீட்டுப்பாடம் சொல்லிக்குடுத்தா 20 நிமிஷ டீச்சர் ரேட்டுதான் போடணும், மாசச் சம்பளம் இல்ல. நல்ல எண்ணத்துல பண்ற தப்புதான், ஆனா இந்த மாதிரி ஊதிப் பெருக்கின நம்பரைக் காட்டினா சித்தப்பா மாதிரி ஆளுங்க சிரிச்சுட்டுப் போயிடறாங்க, நிஜ நம்பரும் சேர்ந்து அடிபட்டுப் போகுது.

ரெண்டாவது வழி வாய்ப்புச் செலவு: இந்த வேலைக்காக அவங்க விட்டுக்குடுத்த வருமானம் எவ்வளவு? எங்க ஆபீஸ்ல என் கூட இருந்த ஒரு பொண்ணு, மாசம் 24,000 சம்பளம், குழந்தை பொறந்ததும் வேலையை விட்டுட்டா, அப்ப அவளோட வாய்ப்புச் செலவு 24,000. இதுல ஒரு கோணல் இருக்கு. ஒரு டாக்டரம்மா வீட்டுல இருந்தா அவங்க வெச்ச ரசத்துக்கு லட்ச ரூபாய், பத்தாவது படிச்சவங்க வெச்ச ரசத்துக்குச் சில ஆயிரம்னு ஆயிடும், ரசம் என்னவோ ஒரே ரசம்தான், சமயத்துல பத்தாவது படிச்சவங்களோடதுதான் நல்லாவே இருக்கும். அதனால வேலையோட மதிப்பைச் சொல்ல முதல் வழிதான் பொருத்தம், அந்த ஆளு இழந்தது என்னன்னு சொல்ல ரெண்டாவது வழி.

அந்தப் பொண்ணு வேலையை விட்டப்ப எல்லாரும் சொன்ன காரணம் "சம்பளத்துல பாதி க்ரெச்சுக்கே போகுது, எதுக்கு அலையணும்". இதுல ரெண்டு ஓட்டை. க்ரெச் செலவை ஏன் அவ சம்பளத்துல மட்டும் கழிக்கணும், குழந்தை ரெண்டு பேருக்கும்தானே? இன்னொண்ணு, அவ இழக்குறது இந்த மாசச் சம்பளம் மட்டும் இல்ல. பி.எஃப் நிக்குது, இன்க்ரிமென்ட் நிக்குது, அஞ்சு வருஷம் கழிச்சுத் திரும்பப் போனா புதுசா சேந்த பையன் வாங்குற சம்பளத்துல இருந்து ஆரம்பிக்கணும். இதையெல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாத்துட்டு விட்டா அது முடிவு. அவளுக்கு அந்தக் கணக்கையே யாரும் போட்டுக் காட்டல, நானும்தான்.

வழிக்கு வழி நம்பர் மாறும்ங்கறதால நாட்டுக் கணக்குலயும் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் ஒவ்வொண்ணு சொல்லும். 2023ல எஸ்பிஐ ஆய்வுப் பிரிவு இந்தியப் பொம்பளைங்களோட ஊதியமில்லா வேலை வருஷம் சுமார் 22.7 லட்சம் கோடி, ஜிடிபில 7.5 சதவீதம் அளவுன்னு போட்டாங்க. உலக அளவுல ஐஎல்ஓ, அதாவது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, 2018ல ரூபாய்க்குப் போறதுக்கு முன்னாடி மணி நேரத்தையே சொன்னாங்க: ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம், 200 கோடி பேர் தினம் 8 மணி நேரம் சம்பளமில்லாம உழைக்கிற மாதிரி.

சுருக்கமா, நேரத்தை அளந்து ஒரு மணி ரேட்டால பெருக்கறதுதான் மொத்த விஷயமும். எந்த ரேட்டுங்கறதுலதான் சண்டை.

கோர்ட்டுல மட்டும் விலை எழுதுறாங்க

இதெல்லாம் பேப்பர் கணக்கு. நம்ம நாட்டுல நிஜமாவே ஒரு வீட்டம்மாவோட வேலைக்கு ரூபாய் எழுதி சீல் வைக்கிற இடம் முக்கியமா ஒண்ணுதான், அது விபத்து நஷ்டஈடு வழக்கு. அதாவது பெரும்பாலும் அவங்க செத்ததுக்கு அப்புறம். அங்க வருமானமே இல்லாதவங்களுக்கு "இவ்வளவு வருமானம்னு வெச்சுக்கலாம்"னு கோர்ட் போடுற தொகைக்கு உத்தேச வருமானம்னு பேரு.

மோட்டார் வாகனச் சட்டத்துல ஒரு அட்டவணை இருந்துச்சு, சம்பாதிக்காத துணைக்கு சம்பாதிக்கிறவரோட வருமானத்துல மூணுல ஒரு பங்குன்னு. யோசிச்சுப் பாருங்க, புருஷனுக்கு பிரமோஷன் வந்தா பொண்டாட்டி துவைக்கிற துணிக்கும் விலை ஏறும்! 1989ல ஜாம்ஷெட்பூர்ல ஒரு விழாவுல நடந்த தீ விபத்து வழக்குல, 2001ல உச்ச நீதிமன்றம் வீட்டம்மாக்களோட வேலைக்குக் குறைஞ்சபட்சமா பாத்தாலும் மாசம் 3,000 ரூபாய்னு போட்டுச்சு. 2009ல சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் ஒரு விபத்து வழக்குல மாற்றாள் செலவு, வாய்ப்புச் செலவுன்னு இந்த வழிகளையெல்லாம் தீர்ப்புலயே அலசினாங்க, அதை அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் எடுத்துக் காட்டுச்சு. அந்த 2010 தீர்ப்புலதான் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டம்மாக்களைப் பிச்சைக்காரங்க, கைதிங்களோட ஒரே பிரிவுல வெச்சதையும் கடுமையா கண்டிச்சாங்க. 2021 ஜனவரில உச்ச நீதிமன்றத்தோட இன்னொரு தீர்ப்பு, 2011 கணக்கெடுப்புல வீட்டு வேலைதான் முக்கிய வேலைன்னு சொன்ன பொம்பளைங்க கிட்டத்தட்ட 16 கோடி, ஆம்பளைங்க 58 லட்சம்தான்னு சுட்டிக்காட்டி, உத்தேச வருமானம் போடுறது தானமில்ல, செய்யுற உழைப்புக்கான அங்கீகாரம்ங்கற மாதிரி பேசுச்சு. 2024ல அதே உச்ச நீதிமன்றம், ஒரு வீட்டம்மாவோட வருமானம் தினக்கூலியை விடக் கம்மின்னு எப்படிப் போடலாம்னு கேட்டுச்சு.

இதுல இருந்து ஒரு நடைமுறை விஷயம். அப்படி ஒரு துக்கம் எந்த வீட்டுக்கும் வர வேண்டாம், வந்தா டிரிப்யூனல்ல (விபத்து வழக்கை விசாரிக்கிற தீர்ப்பாயம்) போடுற மனுல "வருமானம் இல்லை"ன்னு ஒரே வரில முடிக்க விடாதீங்க. வீட்டுல எத்தனை பேரு, எத்தனை குழந்தை, படுக்கைல இருக்கிற பெரியவங்க உண்டா, ஆடு மாடு பாத்தாங்களா, தையல் உண்டா, எல்லாத்தையும் வக்கீல்கிட்ட சொல்லி எழுத வைங்க.

அப்ப சம்பளம் யாரு குடுக்குறது

சித்தப்பாவோட கேள்விக்கு வருவோம். புருஷன் குடுத்தா அது ஒரே வீட்டுல இந்தப் பாக்கெட்ல இருந்து அந்தப் பாக்கெட்டுக்குப் போறது, அவர் முதலாளி இவங்க வேலையாள்னு ஆகுறது எனக்குப் பிடிக்கவும் இல்ல. அரசாங்கம் குடுத்தா? தமிழ்நாட்டுல 2023 செப்டம்பர் 15ல இருந்து தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாசம் 1,000 ரூபாய் குடுக்க ஆரம்பிச்சாங்க. அதை 222 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு நாலரை ரூபாய், அதனால அதைச் சம்பளம்னு யாரும் சொல்ல முடியாது, பேரும் சம்பளம்னு வைக்கல, உரிமைத் தொகைன்னுதான் வெச்சாங்க. அந்தப் பேரு எனக்குப் பிடிச்சது. தொகை சின்னதுதான், ஆனா எங்க தெருவுல ஒரு அக்கா "இது என் அக்கவுண்ட்ல வர்றது"ன்னு சொல்லும்போது குரலே வேற மாதிரி இருக்கும்.

நான் யோசிச்ச வரைக்கும் சம்பளத்தை விடப் பெரிய கேள்வி சொத்து. புருஷன் சம்பாதிக்க முடிஞ்சது வீட்டுல ஒருத்தர் இருந்ததாலன்னா, அந்தச் சம்பாத்தியத்துல வாங்கினது யாரோடது? 2023 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இதைத்தான் எடுத்தார். புருஷன் வருஷக்கணக்கா சவுதில வேலை, பொண்டாட்டி ஊர்ல குழந்தைகளையும் வீட்டையும் பாத்துக்கிட்டாங்க. அவர் சம்பாத்தியத்துல வாங்கின சொத்துல, வீட்டைப் பாத்துக்கிட்டதும் பங்களிப்புதான்னு சொல்லி பொண்டாட்டிக்குச் சரிபாதி உண்டுன்னு தீர்ப்பு. அதுக்காக நாளைக்கே எல்லாருக்கும் பாதி வந்துடும்னு நினைக்காதீங்க. அது ஒரு வழக்குல வந்த தீர்ப்பு, கல்யாணத்துக்கு அப்புறம் சேர்த்த சொத்து ரெண்டு பேருக்கும் பொதுன்னு சொல்ற சட்டம் இந்தியாவுல கோவா மாதிரி ஒண்ணு ரெண்டு இடத்துலதான் இருக்கு, மத்த இடத்துல பொதுவா பத்திரத்துல யாரு பேரோ அவங்களுதுதான்.

தமிழ்நாட்டுல 2025 ஏப்ரல் 1ல இருந்து 10 லட்சம் வரைக்குமான சொத்தைப் பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைச்சிருக்காங்க. நாங்க பெருந்துறை ரோட்டுப் பக்கம் ஒரு சைட் பாத்துட்டு இருக்கோம், எங்க வீட்டுக்காரர் என் பேர்ல போடலாம்னார். இன்னிக்கு நான் லோன் கட்ட முடியுதுன்னா எதனாலங்கறது அந்த நோட்டுல இருக்கு, அதனால அத்தை பேரையும் சேர்த்துப் போடலாம்னு சொல்லியிருக்கேன். அத்தைகிட்ட கேட்டதுக்கு "எனக்கு எதுக்குடி அதெல்லாம்"ன்னாங்க. ஆதார் கார்டை மட்டும் பீரோல இருந்து எடுத்து டேபிள் மேல வெச்சிருக்காங்க.